பேராசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஆராய்ச்சி உதவித்தொகை நான்காவது இடத்திலும் கிடைக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பாய். பரிந்துரைக் கடிதம் கேட்டதற்கு எங்கள் இயந்திரவியல் பேராசிரியர், "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். என்னை நானே புகழக் கூச்சமாக இருந்தது. 'சொன்ன வேலையைச் செய்வாள்' என்று எழுதினேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான்கு இடத்துக்கும் அதே கடிதம்தான் போனது. மூன்று நாள் முன்பு அதைப் பார்த்த துறை அலுவலக அக்கா, "உன்னைப் பிடிக்காதவங்க யாரோ எழுதின மாதிரி இருக்கே!" என்றார்.

இன்னும் ஒரே இடம்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுவும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அன்றிலிருந்து புதுக் கடிதம் எழுத வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் நல்லதாக ஒன்றுமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது அம்மா.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பீற்றுவாயே, நான்கூட உன் கையைக் கிள்ளுவேனே, அதையெல்லாம் இன்றே எழுதி அனுப்பு. கொஞ்சம் கூட்டியே எழுது. இந்த முறை கிள்ள மாட்டேன்.

ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்