காலி நிலம்

போர்ட்லண்ட்
3 மார்ச் 1984

அன்புத் தம்பி வால்ட்டருக்கு,

நான் நலம். நீயும் லில்லியும் நலமாக இருங்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் வைக்கப் போவதாக நீ அனுப்பிய பலகை வாசகத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"காலியாகக் கிடந்த சதுப்பு நிலத்தில் கடற்படை எழுப்பிய ஆகாயக் கப்பல் கொட்டகை." எதுடா காலி? அது அப்பாவின் மேய்ச்சல் நிலம். நாற்பத்திரண்டில் அதிகாரிகள் வந்து, போருக்கு வேண்டும், கிளம்புங்கள் என்றார்கள். கொட்டும் மழையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனோம். வேறு பிழைப்பில்லாமல் என் வீட்டுக்காரர் எமில் அந்தக் கொட்டகை கட்டவே கூலிக்குப் போனார். கூரையிலிருந்து விழுந்து செத்தார். மறுநாளே அதே இடத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது.

பிறகு நீ அந்த ராட்சத பலூன் கப்பலில் ஏறி நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தாய். உன் பெருமையை நான் பிடுங்க வரவில்லை. எமில் பெயரையும் எழுது, அவ்வளவுதான்.

உன் அக்கா
வெரீனா

12 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் ஆறட்டும். கொட்டகையை அருங்காட்சியகம் ஆக்கும் குழுவுக்கு நான் தலைவன்தான்; ஆனால் வாசகம் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தது. ஜனங்கள் கப்பல் கதை கேட்க வருகிறார்கள், எழவு விசாரிக்க அல்ல. ஆள் செத்த கதையைப் பலகையில் எழுதினால் நன்கொடை தருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

திறப்பு விழாவுக்கு அவசியம் வா. முன்வரிசையில் உனக்கு இடம் இருக்கிறது. சண்டை மட்டும் வேண்டாம்.

உன் தம்பி
வால்ட்டர்

போர்ட்லண்ட்
7 மே 1984

வால்ட்டர்,

வந்தேன். மேடையேறி எமிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மைக்கைப் பிடுங்கினாய். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். "அக்காவுக்கு வயசாயிடுச்சு, பாவம், ஏதோ குழம்பிப்போய்ப் பேசறாங்க" என்றாயே. கூட்டம் சிரித்தது. கூடப் பிறந்தவனே என்னைப் பைத்தியக்காரி ஆக்கினாய்.

நீ ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள். "எந்த இடத்துலம்மா விழுந்தாரு?" என்று கேட்டாள். கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் காட்டினேன். திரும்பினால், பாதிக் கூட்டம் எங்கள் பின்னால் நின்றது. அண்ணாந்து அந்த உயரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

இனி சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவேன். அந்த இடத்தில் நின்று, கேட்பவர்களுக்குச் சொல்வேன். தடுக்க வேண்டுமென்றால் நீயே வாசலில் வந்து நில். காவலாளியை அனுப்பாதே.

எமிலின் மனைவி
வெரீனா