சோலாரில் காய்ந்த கிழங்கு

புதுக்கடை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ஜெப்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம், அப்பா சுகம், மாடியில் நிற்கிற உன் சோலாரும் சுகம். இந்த மூன்றில் நீ மறக்காமல் விசாரிப்பது மூன்றாவதைத்தான் என்பதால் அதை முதலில் எழுதியிருக்கலாம், பழக்கதோஷம், மனுசரை முதலில் எழுதிவிட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, நைட் டியூட்டி குறைந்ததா, அந்த அயர்லாந்துக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்றெல்லாம் போனில் கேட்கலாம் என்றால் அம்மா பஸ் வந்தாச்சு என்று வைத்துவிடுகிறாய். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனை அப்பாதான் முதலில் எடுத்துப் பார்க்கிறார். அதனால்தான் உன்னோடு நர்ஸாக இருக்கிற ஷைஜா லீவு முடிந்து திரும்புகிறாள் என்று கேட்டதும் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். அவள் கையில் ஒரு பொதி மரச்சீனிக் கிழங்கு வற்றலும் கொடுத்துவிடுகிறேன். அந்த வற்றலுக்கு ஒரு கதை உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன மாதம் பின்பக்கம் நின்ற மரச்சீனியைப் பிடுங்கினோம். வேகவைத்துக் காயப்போட முற்றத்தில் பாய் விரித்தால் கோழி வந்து கிண்டுகிறது, திண்டில் போட்டால் எறும்பு. துணி எடுக்க மாடிக்குப் போனபோது பார்க்கிறேன், உன் சோலாரின் முன்வரிசை இடுப்பு உயரத்தில், லேசான சரிவில், தொட்டால் கை சுடுகிற சூட்டோடு சும்மா கிடக்கிறது. இவ்வளவு நல்ல இடத்தை வைத்துக்கொண்டு யாராவது கரண்ட் மட்டும் எடுப்பார்களா. கிழங்கு முழுவதையும் அதில் பரத்தி, காக்கை கொத்தாமல் பழைய கொசுவலையால் மூடிவிட்டு இறங்கினேன். காப்பி குடித்து முடிக்கவில்லை, உன் போன். அம்மா, இன்னைக்கி கரண்டு என்ன இப்பிடி கொறஞ்சு போச்சு, பேனலு கேடாச்சா என்று கேட்கிறாய். நம் மாடியின் கரண்ட் உன் போனில் கோடாக ஏறி இறங்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு கேடும் இல்லை, நல்ல வெயில்தான் என்றேன். அது பொய்யில்லை, கிழங்குக்கு நல்ல வெயில்தான்.

நீ அங்கிருந்தே கம்பெனிக்குக் கம்ப்ளெயின்ட் போட்டாய். மறுநாள் அவர்கள் ஆள் ஆன்ஸ்லின் வந்தான். மேலே போனான். இறங்கி வரும்போது எதையோ மென்றுகொண்டு வருகிறான். அம்மச்சி, பேனலுக்கு ஒரு கொழப்பமும் இல்ல, கிழங்குதான் இன்னும் ஒரு வெயிலு காயணும் என்றான். ஒரு பலகையில் நிழல் விழுந்தால் அதோடு கோர்த்திருக்கிற மற்றவையும் சேர்ந்து மந்தமாகிவிடுமாம், ஒரு மாடு படுத்தால் ஏர் நிற்கிற மாதிரி. நிழல் இருந்தது, மாற்றியாச்சு என்று உனக்குப் பதில் போட்டான். நீ அதைப் பக்கத்து வீட்டு அயனி மரத்து நிழல் என்று எடுத்துக்கொண்டு, கொம்பை வெட்டச் சொல்லி ராஜகுமாருக்கு மெசேஜ் அனுப்பி, அந்த மனுசன் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதோடு எனக்கு ஒரு புத்தி வந்தது. நீ ஒரேயடியாகக் கூப்பிடாமல் இருந்தால் மேலே போய் எதையாவது விரிப்பேன். கிழங்கு தீர்ந்த பிறகு அப்பாவின் இரட்டை வேட்டி. வேட்டி விரித்து நான் படி இறங்குவதற்குள் போன் அடிக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வந்த காலத்தில்கூட நீ இவ்வளவு வேகமாக அம்மா என்று கூப்பிட்டதில்லை. கோபப்படாதே, சிரித்துக்கொள். இனி சொல்லப்போவது சிரிக்கிற காரியமில்லை.

கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்றாய். அப்பா உனக்காகத் தாரா வாத்து வாங்கித் தீனி போட்டு வளர்த்தார். லீவு கிடைக்கவில்லை, உனக்குப் பதிலாக வண்டியில் சோலார் வந்து இறங்கியது. பண்டிகை அன்று போனில் பிடிச்சிருக்கா அப்பா என்று நீ ஆசையாகத்தான் கேட்டாய். ஏட்டி, வெயிலு நம்ம மாடியில சும்மாதான கெடக்கு, அத வாங்கித் தரவா நீ வெயிலே இல்லாத ஊருக்குப் போன என்றார் உன் அப்பா. சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் தமாஷ், அவர் சிரிக்கவில்லை. நீ தகப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். இனி உங்க காரியம் ஒண்ணுலயும் நான் தலையிடமாட்டேன் என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நீ அவரைக் கூப்பிடவில்லை, அவர் உன்னைக் கூப்பிடவில்லை. தாராவை நானும் ராஜகுமார் வீட்டாரும் தின்றோம், நன்றாக இருந்தது.

நீ அறியாத ஒன்று உண்டு. பண்டிகை கழிந்த வாரத்திலிருந்து அப்பா விடிந்ததும் வாளியோடு மாடிக்குப் போகிறார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், கண்ணாடி துடைக்காமல் கை அரிக்கிறது என்று நினைத்தேன். சூடேறின கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று வெயில் விழுமுன்னே கழுவுகிறார். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வெள்ளையாக உப்புப் படியும் என்று கிணற்றில் இறைத்துச் சுமக்கிறார். சோப்புப்பொடி பக்கத்தில் வரக்கூடாது. காக்கை எச்சத்தை ஊறவைத்துப் பழைய பனியனால் ஒற்றி எடுக்கிறார், எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் நெற்றியைக்கூட அப்படி ஒற்றியதில்லை. கடல்காற்றுக்குத் துரு ஏறாமல் போல்ட்டுக்கெல்லாம் கிரீஸ் வேறு. ஆன்ஸ்லின் மாதம் ஒருதரம் வந்து கழுவினால் போதாதா என்று கேட்டேன். அவ அங்கேருந்து நோக்கிட்டு இருப்பா, கொறஞ்சா நான் மனசோட நோக்கல்லன்னு நெனப்பா என்கிறார். மகளோடு பேசமாட்டார், மகள் போனில் கோடு மட்டும் ஏறவேண்டும். இப்படியொரு மனுசனோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

இதற்கிடையில்தான், அவர் கழுவி இறங்கிய பிறகு நான் வேட்டி விரித்த அன்று நீ என் போனுக்கு அனுப்பிய மெசேஜை அவர் பார்த்துவிட்டார், கரண்டு ரொம்பக் கொறவு, யாரும் கவனிக்கலியா என்று எழுதினாயே, அது. தன் கழுவல் போதவில்லை என்று எடுத்துக்கொண்டார். பின்வரிசை உயரம், ஏணி வேண்டும். தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுத்து ஏணிப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிற ஆள் அவர். நான் நம் ஏணியை ராஜகுமார் வீட்டில் ஒளித்தேன். அவர் ஆலயத்தில் நட்சத்திரம் தொங்கவிடுகிற ஏணியை எடுத்துவந்தார், எதற்கு என்று கேட்ட பாஸ்டரிடம் வெளிச்சத்துக்குத்தான் என்றாராம். செவ்வாய்க்கிழமை ஏணியில் நின்றவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் குழாயைக் கட்டிப்பிடித்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார், வாளி மட்டும் முற்றத்தில் வந்து விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் முகம் வெளுத்து, வேர்த்துக் கிடக்கிறார். முந்தானையால் முகத்தைத் துடைத்து விசிறினேன் மகளே. வேட்டி விரித்த பாவி நான்தான் என்று அப்போதே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், கொறஞ்சது வேட்டியாலன்னு அவகிட்ட சொன்னியா என்று மட்டும் கேட்டார். மறுநாள் மறுபடியும் வாளி, மறுபடியும் ஏணி. விழப்போனதை உன்னிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் கேட்டார், சத்தியம் பண்ணக்கூடாது என்று வேதத்திலேயே இருக்கிறது என்று தப்பித்துக்கொண்டேன்.

நம் ஊரில் நோக்குவது என்றால் கண்ணால் பார்ப்பதும் அதுதான், பிள்ளையையும் நோயாளியையும் பேணுவதும் அதுதான். நீ அங்கே யார் யாருடைய அப்பாவையோ நோக்குகிறாய், இங்கே உன் அப்பா நிற்கிற மாடியின் கரண்ட் கோட்டை மட்டும் நோக்குகிறாய். நீ அதட்டினால் அந்த ஊர்த் தாத்தாமார் வாயைத் திறந்து மாத்திரை விழுங்கியதைக் காட்டுவார்களாம், ஷைஜா சொன்னாள், எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் ஒரு அதட்டல் இந்த வீட்டுக்கும் வேண்டும். நான் சொன்னால் அவருக்கு அது மிக்சி ஓடுகிற சத்தம். நான் மொதல்ல கூப்பிடமாட்டேன், அவ கூப்பிட்டா எடுக்காம இருக்கமாட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கக்கூசுக்குப் போனாலும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போகிறார், வேறு யார் அவரைக் கூப்பிடப் போகிறார்கள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவேண்டாம், இரண்டு பேருமே கேட்கிற சாதி இல்லை. அப்பா, ஏணியில ஏறண்டாம், ஆன்ஸ்லின் கழுவட்டும் என்று சொல், போதும்.

வற்றலை முந்தின நாளே ஊறவைத்து வேகவை, தேங்காயும் காந்தாரி மிளகும் இடித்துச் சேர், ஷைஜாவுக்குக் கொடுக்காமல் தின்னாதே. எவ்வளவு வேலை என்றாலும் ஜெபத்தை விடாதே, வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, நான் விட்டதையும் அவர் நோக்கிக்கொள்வாராக.

ஒன்றை மட்டும் மறக்காதே. நான் இதை மடிக்கும்போதே மேலே வாளிச் சத்தம் கேட்கிறது, ஆலயத்துக்குத் தேய்த்துவைத்த வெள்ளைச் சட்டையோடு ஏறியிருக்கிறார். இனி உன் போனில் கோடு இறங்கினால் பயப்படாதே, அது மேகமாகவோ கிழங்காகவோ இருக்கும். ஏறினால் பயப்படு, உன் அப்பா ஏணியில் நிற்கிறார்.

இப்படிக்கு,
உன் சோலாருக்கும் அவருக்கும் காவல் கிடக்கிற அம்மா,
ஜெபகுமாரி ஞானசிங்