இரண்டரை மணி ஆட்டம்

நேற்று மாலை மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. கதவைச் சாத்துவதற்குள் அரை வீடு நிறைந்துவிட்டது. மாதா படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்திருந்த மெழுகுதிரியில் இரண்டு மூன்று விழுந்து கருகின. அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமைகளில் நீங்கள் வீட்டுக்கு வந்து கழற்றிப் போடும் சட்டையில் இருக்குமே, அதே வாடை. மைதான விளக்கில் பூச்சி கருகிய வாடை. எத்தனை தரம் துவைத்தாலும் போகமாட்டேன் என்கிறது என்று உங்களைத் திட்டியிருக்கிறேன். இப்போது அந்தச் சட்டையில் சோப்பு வாடை மட்டும்தான் இருக்கிறது.

நீங்கள் கண்மூடிப் போன பிறகு உங்களுக்கு நான் ஒன்றும் எழுதியதில்லை. எழுதுகிற பழக்கமும் நமக்குள் இருந்ததில்லை. ஆனால் போன சனிக்கிழமையிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பாத்திரம் கழுவப் போய் பாதியில் வாசலுக்கு வருகிறேன். வாசலில் நின்றால் ஏன் வந்தேன் என்று தெரியவில்லை. சொல்லித் தீர்த்தால்தான் அடங்கும் போலிருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத செய்தியிலிருந்து தொடங்குகிறேன். நம் மைதானத்தில் இப்போது இரவு ஆட்டம் கிடையாது. கரண்ட் பில் ஏறிப் போனது. எல்லா வீட்டிலும் ஏறியது போல மைதானத்திலும் ஏறியது. நம் வீட்டிலேயே ஓர் அறையில் விளக்கு எரிந்தால் மற்ற அறையில் அணைத்துவிடுகிறேன். அதனால் கமிட்டிக்காரர்களை முழுதாகக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை ஏழு மணிக்குத் தொடங்கிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பகல் இரண்டரைக்கு மாற்றிவிட்டார்கள். சூரியன் சும்மா காய்கிறது, அதற்குப் பில் வராது என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்களாம். எல்லாரும் சிரித்துக்கொண்டே கை தூக்கியிருக்கிறார்கள்.

கை தூக்கியவர்களில் ஒருவர்கூட தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் இல்லை. சனிக்கிழமை இரண்டரைக்கு நம் பெண்கள் எங்கே இருப்பார்கள்? மலையில் இருப்பார்கள். கொழுந்து நிறுவை முடிந்து இறங்க நாலரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்றால் அன்று மைதானத்தில் சந்தை. நானோ பிள்ளைமடுவத்தில், அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு. கடைசித் தாய் வந்து கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை எனக்கு விடுதலை இல்லை.

ஒரு காலத்தில் இதைக் கேட்டிருந்தால் நல்லதாகப் போயிற்று என்றிருப்பேன். சனிக்கிழமை என்றால் உங்கள் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தேயிலைப் பெக்டரியில் ஆறு நாளும் மோட்டாரோடும் வயரோடும் மாரடித்துவிட்டு, ஏழாவது வேலையாக மைதானத்து விளக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். ஒரு பைசா வாங்கவில்லை. கேட்டால், "நான் இல்லாட்டி யாரு புள்ள ஏறுவா அந்தக் கம்பத்துல?" என்பீர்கள். யாரும் ஏறாவிட்டால் உலகம் நின்றா போகும் என்று நான் முணுமுணுப்பேன். ஆனாலும் பிளாஸ்கில் தேநீரோடு ஆட்டம் முடிகிற நேரத்துக்கு வந்து நின்றுவிடுவேன்.

இந்த வருஷம் கதை வேறு. உங்கள் மகள் ஸ்டெல்லா கோல் காக்கிறாள். பெண்களுக்கும் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். தோட்டத்து அணியில் பாதிப் பேர் கொழுந்து பறிக்கிற பெண்கள். முன்னால் ஆடுகிற சாந்தியை உங்களுக்குத் தெரியும், மேல் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளை, சின்ன வயதில் உங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அவள்தான். ஓடினால் அவளைப் பிடிக்க முடியாது. ஆனால் முதல் ஆட்டம் இரண்டரைக்கு. சாந்தி ஒருத்தி மட்டும் அரை நாளை விட்டுவிட்டு வந்தாள். மற்றவர்களுக்கு வீட்டு நிலைமை விடவில்லை. ஏழு பேரோடு இறங்கினார்கள்.

அன்று நான் பிள்ளைமடுவத்தில் மடியில் ஒன்றும் தொட்டிலில் நாலுமாக இருந்தேன். கீழே மைதானத்திலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் எழுந்தேன், உட்கார்ந்தேன். சத்தம் நமக்கா அவர்களுக்கா என்று தெரியவில்லை. மடியில் தூங்கிய குழந்தை மூன்று தரம் விழித்து அழுதது. நம் பிள்ளை கோலில் நிற்கிறாள், நான் ஜன்னல் வழியாகச் சவுக்கு மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு வந்ததே இல்லை.

எதிரணிக்காரர்கள் மூன்று கோல் போட்டுவிட்டார்கள். ஸ்டெல்லா கண் சிவந்து வீட்டுக்கு வந்தாள். அழுதாளோ என்று பார்த்தேன். அழவில்லை. "பந்து வருதா வெயில் வருதான்னே தெரியலம்மா. அந்தக் கோல்ல நின்னா நேரா மூஞ்சிக்கு சூரியன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கோல்கம்பங்களை ஊன்றிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கும் நடுவில் நின்று கையைக் கையை நீட்டினீர்கள். வெளிச்சம் யார் கண்ணிலும் அடிக்கக்கூடாது என்று அத்தனை கணக்குப் போட்டு, கிழக்கே ஒன்று மேற்கே ஒன்று என்று நட வைத்தீர்கள். சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்று நீங்களும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. இரவில் ஆடுகிற மைதானத்துக்குச் சூரியனைப் பற்றி என்ன கவலை? எத்தனையோ வருஷம் ஆடியிருக்கிறார்கள், இந்த இரண்டரை மணி வரும்வரை அந்தக் குறை ஒருவர் கண்ணிலும் படவில்லை. கேட்டால் நீங்களே விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஸ்டெல்லாவுக்குத்தான் வரவில்லை.

அடுத்த ஆட்டத்திலும் ஆள் குறைந்தால் அணியின் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் நிஸார் நானாவின் கடைக்குப் போய்விட்டேன். கமிட்டித் தலைவர் இப்போது அவர்தான். மிளகும் கறுவாவும் கொட்டிக் கிடந்த சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். உங்கள் பேச்சை எடுத்துத்தான் என்னை உட்காரச் சொன்னார். ஐந்து மணிக்கு ஆட்டத்தை வையுங்கள் என்றேன். நிறுவை முடிந்து எல்லாரும் வந்துவிடுவார்கள். அந்த நேரம் சூரியனும் எதிர் மலைக்குப் பின்னால் போய்விடும், கோலில் நிற்கிறவர் கண்ணிலும் படாது. விளக்கும் வேண்டாம்.

அவர் நெற்றியைத் தடவினார். "அஞ்சுக்கு வெச்சா ஆறே காலுக்கு இருட்டிடும் தங்கச்சி. முழு ஆட்டம் ஆட ஏலாதே."

"அப்ப கொஞ்சம் கொறச்சி ஆடட்டும் நானா. கொறச்சி ஆடினாலும் எல்லாரும் ஆடுவாங்க இல்லையா" என்றேன்.

இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஓஃப்சைட் என்றால் என்ன என்று நீங்கள் கல்லையும் போத்தல் மூடியையும் வைத்து விளக்கியபோது கொட்டாவி விட்டவள் நான். அடுத்த ஆட்டத்தில் நம்மோடு மோதவிருந்த டவுன் அணியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர்களும் உடனே சரி என்றுவிட்டார்களாம். வெயிலில் ஆடி அவர்களுக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

போன சனிக்கிழமை ஐந்து மணிக்கு நீங்கள் இருந்திருக்க வேண்டும். கொழுந்துச் சாக்கை மடித்துத் தலையில் போட்டபடியே பெண்கள் வந்தார்கள். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நானும் மடுவத்தைப் பூட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். பதினொரு பேரும் நின்றார்கள். சாந்தி ஒரு கோல் போட்டாள். அவர்கள் ஒன்று போட்டார்கள். ஸ்டெல்லா விழுந்து பிடித்த ஒரு பந்துக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கணக்கு ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது வானம் கறுத்துவிட்டது. பெனால்ட்டி அடித்துத்தான் முடிவு. பந்து தெரியவில்லை என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். நாணயம் சுண்டி முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டது. நிஸார் நானா எழுந்து தொப்பியைச் சரி செய்தார். என் கையைப் பார்த்தார். என் கையில் விளக்குப் பெட்டியின் சாவி இருந்தது. நீங்கள் வைத்த அதே சிவப்பு வயர் கட்டிய சாவி. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, இவ்வளவு நாளும் என் முந்தானையில்தான் கிடந்தது.

"நான் தொழுதுட்டு வாறன். கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்றார். சாவியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு நடந்துவிட்டார்.

அதற்கு மேல் அந்த மனிதர் என்ன சொல்லவேண்டும்? பெட்டியைத் திறந்தேன். ஸ்டெல்லா நின்ற கோல் பக்கத்து விளக்கை மட்டும் போட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே, அது உடனே எரியாது. முதலில் ஊதாவாக மினுங்கி, பிறகு யோசித்து யோசித்துத்தான் வெள்ளையாகும். அதுவரை மைதானமே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. பூச்சிகள் வந்தன. வாடையும் வந்தது.

தோற்றோம். ஒரு பெனால்ட்டியில் தோற்றோம். ஆனால் பதினொரு பேரோடு தோற்றோம். சாந்தி புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷமும் ஐந்து மணிதான் என்று, தொழுதுவிட்டுத் திரும்பி வந்திருந்த நானா அங்கேயே வாய்விட்டுச் சொன்னார்.

பிறகு விளக்கை அணைத்துவிடலாமே என்றார். நியாயம்தான். பில் அவர் தலையில்தான் விடியும். நான் லயத்துப் பாதையைப் பார்த்தேன். பெண்கள் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தார்கள். உங்களோடு கமிட்டி சண்டை பிடித்ததெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தானே. ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு விளக்கை எரிய விட்டுக்கொண்டு நிற்பீர்கள். வீண் செலவு என்று அவர்கள் கத்துவார்கள். அரட்டைக்கு நிற்கிறீர்கள் என்று நானும் கத்துவேன். அன்று நீங்கள் சொன்னதை நானாவிடம் அப்படியே சொன்னேன்: "ஆட்டம் ஆடுனவங்களுக்குத்தான் முடிஞ்சிச்சு. வீட்டுக்குப் போறவங்களுக்கு இன்னும் முடியல." அவருக்கு யார் பேச்சென்று தெரிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டுக் கடைசிப் பெண் வளைவில் மறையும்வரை கூடவே நின்றார்.

அவரும் போன பிறகு அணைத்தேன்.

இத்தனை வருஷமும் அணைப்பவர் நீங்கள், பக்கத்தில் நிற்பவள் நான். எல்லாருக்கும் வெளிச்சம் காட்டிவிட்டு நாம் இருவரும் இருட்டில் ஏறுவோம். அணைத்த உடனே நடக்கவும் விடமாட்டீர்கள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நில்லு, கண்ணு பழகட்டும்" என்பீர்கள். உலையில் அரிசி போடாமல் வந்திருப்பேன். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, போவோம் போவோம் என்று நச்சரிப்பேன். நீங்கள் அசையமாட்டீர்கள். அந்தப் பிடி மட்டும் இறுகும். அந்த அரை நிமிஷத்துக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது அது ஒன்றைக் கொடுத்தால் போதும் என்று கிடக்கிறேன்.

ஸ்டெல்லா பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "வாங்கம்மா போவோம், பசிக்குது" என்று முன்னால் காலை வைத்தாள்.

நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். "கொஞ்சம் நில்லு" என்றேன். "கண்ணு பழகட்டும்."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இருட்டில் என்ன தெரிந்ததோ, முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்து என் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பாதை தெரிகிறது என்றாள். சின்னக் கண், சீக்கிரம் பழகிவிட்டது. எனக்குத்தான் நேரம் எடுத்தது. அவள் கையை விடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.