கழுவிய கை

மண்புழுக் குட்டி,

நீ தோட்ட வேலை சொல்லித் தந்த சிறப்புப் பள்ளிக்கு இன்று போனேன். நீ கண்ணை மூடியதிலிருந்து உன்னிடம் படித்த அந்த வாய்பேசாத பெண் உன் களைக்கொத்தை யாருக்கும் கொடுப்பதில்லையாம். கிட்டே போனால் அடிக்க ஓங்குகிறாள்.

"இன்னிக்கும் கொடுக்கலைன்னா இனிமே இவளைத் தோட்டத்துக்கே விடமாட்டாங்கம்மா," என்றார் டீச்சர்.

கையை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டிவிட்டாள். சோப்பு வாசம் பிடிக்கவில்லை போல.

"இருடி, கோவக்காரி!" என்று ஈரமண்ணை அள்ளி, உன் கை மாதிரியே கையெல்லாம் பூசிக்கொண்டு மறுபடி நீட்டினேன். மெதுவாக முகர்ந்தாள். கொத்தைக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் அந்த மண்கையைப் பிடித்து என்னை வாசல் கேட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே நின்று, நீ வரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நான் என்னடா சொல்லட்டும்?

உன் அம்மா