பசை வாளி தூக்கிய நாய்

வ்ராட்சா, அக்டோபர் 3

ராலிட்சா,

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் படப் புத்தகம் வெளிவந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று எங்கள் பள்ளி நூலகர் நெவேனா அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"சார், இது உங்க கோர்னா ரேகா கிராமம்தானே? படிச்சீங்களா?"

"பார்த்தேன்."

"அந்த நாய் எவ்வளவு அழகு! பசை வாளியைக் கவ்விக்கிட்டு அந்தப் பொண்ணு பின்னாடியே ஓடுது பாருங்க."

அந்த நாய் நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சோபியாவிலிருந்து ஒரே ஒரு கோடைக்கு வந்தவள் நீ. பத்து வயது, அப்பாவின் தொப்பி, காலுக்கொரு நிறத்தில் காலுறை. தெருப்பிள்ளைகள் உன்னைச் செவ்வாய்க்கிரகக்காரி என்றார்கள். சுவரிலும் மரத்திலும் ஒட்டியிருந்த மரண அறிவிப்புகளைப் பார்த்துவிட்டு, "மனுஷங்களுக்கு மட்டும்தானா இதெல்லாம்?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி உன்னுடையது, மறுக்கவில்லை. கறுப்புக் கட்டம் போட்டுப் படம் வரைந்ததும் நீதான். ஆனால் உள்ளே எழுதியது யார்? வற்றிப்போன குழாய்க்கும், வெட்டிச் சாய்த்த பேரி மரத்துக்கும், நிறுத்திவிட்ட காலை பஸ்ஸுக்கும் இரங்கல் எழுதியது யார்? பஸ் அரசாங்கத்துடையது, அதனால் சிலுவை போடாதே, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களுக்குப் போடுவதுபோல் நட்சத்திரம் போடு என்று சொன்னவன் நான். புத்தகத்தில் அது அந்தப் பெண்ணுக்கே தோன்றிவிடுகிறது. நாய் வாலை ஆட்டுகிறது.

தோத்கா அத்தை கண்ணாடி போடாமல் வந்து, நாம் ஒட்டிய காகிதத்தின் கறுப்புக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவி பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தாளே, நினைவிருக்கிறதா? மாலை பஸ் ஓட்டுநர் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "காலை பஸ்ஸுக்குப் படையலா? நல்லாத்தான் இருக்கு! என் வண்டிக்கு எப்போம்மா?" என்றார். மறுநாள் ரொட்டிக்கடை வரிசை முழுக்க ஒரே பேச்சு: "இதை எவன்யா எழுதினது?" நாம் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் கேள்வியைவிட இனிப்பான எதுவும் அதற்குப் பிறகு என் காதில் விழவில்லை.

உனக்குப் பரிசு கிடைத்தது. எத்தனையோ மொழிகளில் அந்தப் புத்தகம் போய்விட்டது. எனக்கு மற்றக் கோடைகள் எல்லாம் கிடைத்தன. இருந்த அந்த ஒரு கோடையையும் நீயே எடுத்துக்கொண்டாய்.

அட்டையில் என் பெயர் வேண்டும்.

வெலிசார்


சோபியா, அக்டோபர் 11

அன்புள்ள வெலி,

நீ திட்டித்தான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டேன். இன்னும் அதே சாய்வு, காற்றில் சாய்ந்த வேலி மாதிரி.

புத்தகம் தொடங்கும்போதே உனக்கு எழுதினேன்: உன்னையும் இதில் வைக்கட்டுமா என்று. மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. கடைசியில் உன் தங்கைக்குப் போன் போட்டேன். "அண்ணனா? எல்லாத்தையும் படிச்சிட்டு, 'அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா'ன்னு முனகிட்டு அலமாரில வெச்சுப் பூட்டிடுச்சு. நீங்க உங்க வேலையப் பாருங்க அக்கா" என்றாள்.

சம்மதம் தராத ஆளைப் பெயரோடு போட முடியாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். உன்னை இல்லாமல் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் நாய். அந்தப் பெண் இல்லாத பக்கங்கள்கூட உண்டு, நாய் இல்லாத பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. கோபத்தில் அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

நட்சத்திரம் உன்னுடையதுதான். அதை அவளுக்குக் கொடுத்தது என் தப்பு.

இப்போது மறுபதிப்பு வருகிறது. கடைசியில் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன், வெறும் கறுப்புக் கட்டம். உள்ளே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது எப்போதுமே தெரியாது, நீ எழுதியதைத்தான் ஒட்டினோம். நீயே எழுதிக் கொடு. அட்டையில் என் பெயருக்குக் கீழே உன் பெயரைப் போட அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு.

மலைக்காற்று ஆரம்பித்திருக்குமே. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போ. யாருக்கு எழுதாவிட்டாலும் எனக்கு எழுது.

உன் ராலி


வ்ராட்சா, அக்டோபர் 29

ராலி,

அலமாரியில் இருக்கும் கடிதங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் தங்கைக்கு நாக்கு நீளம்.

'கீழே' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் அறைக்குள் நடந்தேன். மேலே போடச் சொல்லலாமா, பக்கத்தில் போடச் சொல்லலாமா, எழுத்தாவது சம அளவில் இருக்குமா என்றுகூட யோசித்தேன். நேற்று வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே எழுதி முடித்தேன். இதுதான்:

"கோர்னா ரேகாவில் ஒரு கோடை முழுக்கப் பசை வாளியைத் தூக்கிய நாய் காலமானது. அதற்கு எஜமானி யாரும் இருந்ததில்லை. குரைக்கத் தெரியாது, எழுதத் தெரியும். சிலுவை வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். கோதுமை வேகவைப்பவர்கள் பஸ் நிறுத்தத்துக்கு வரவும். மாலை பஸ் இன்னும் ஓடுகிறது."

ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. ஆனால் என் பெயரைப் போடாதே, அட்டையிலும் வேண்டாம். போட்டால் உனக்குக் கீழே இருக்கும் ஆளாக என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். போடாவிட்டால் கேட்பார்கள். நீ புத்தகம் வாசிக்கப் போகிற இடமெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "கடைசிப் பக்கம் யார் எழுதினது?" என்று கேட்கும். "நான் இல்லை" என்று அத்தனை பேர் முன்னால் நீ சொல்லியாக வேண்டும். உன் பரிசு, உன் சோபியா, எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். அந்த நேரம் மட்டும் எனக்கு.

நெவேனாவும் கேட்பாள். "தெரியலையேம்மா" என்பேன்.

அன்று சுவரில் ஒட்டியபோதும் நாம் பெயர் போடவில்லை. இந்தக் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். அடியில் எதுவும் எழுதாமல், உறையில் அனுப்புநர் இடத்தையும் வெறுமையாக விட்டு, இப்படியே தபாலில் போடப்போகிறேன்.