ஐரைடாவைப் பற்றி நான் வானொலியில் சொன்னது

பிலடெல்பியா
மே 19

அன்புள்ள நோயெமி,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம்தான். நீயும் அந்த சியாட்டில் மழையில் சளி பிடிக்காமல், ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, நீ என்னிடம் பேசி ஐந்து வாரமாகிறது. அப்பாவோடு பேசுகிறாய் என்று தெரியும், அவர் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டால் அந்தப் பக்கம் நீதான். கீழ்வீட்டுக்காரர் மறுபடி ஒரு நாய் வாங்கியிருக்கிறார், போன நாயைவிட மோசம். சர்ச் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. இதெல்லாம் எழுதவா கடிதம் என்று நீ கேட்பாய், இல்லை. நான் ஐரைடா சித்தியைப் பற்றி எழுத வேண்டும், மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பதினாறு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு சர்ச் நிலவறையில் இருக்கும் நம் சின்ன வானொலி நிலையத்தில் அவளும் நானும் ஒரே மைக்கின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியது உனக்குத் தெரியும், நீ பள்ளியில் படித்த காலத்தில் அங்கே தரையில் வீட்டுப்பாடம் எழுதியவள்தானே. அந்தந்த வாரம் வந்த படத்தில் வேலைக்காரி வேஷம் யாருக்குப் போயிற்று, நகரசபையில் நம் தெருவை யார் மறந்தார்கள், எல்லாம் பேசினோம். நான் கறுப்பு அமெரிக்கக்காரி, அவள் உன் அப்பாவைப் போலப் போர்ட்டோ ரிக்கோக்காரி, என்னைவிட ஒரு மாற்றுக் கூடுதலாகவே கறுப்பு. பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டாள், நான் கொடுத்த காபியைக் குடித்தாள், என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் ஐரைடாவுக்கு மட்டும் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி, இனம், சினிமா, அரசியல் எல்லாம் அலசுவது. ஏன் ஒருத்தர் மட்டும் என்று ஐரைடா கேட்டாளாம். அந்தப் பெண் சொன்னாளாம், “நீங்க ஒருத்தரே ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிடுவீங்களே மேடம், எங்களுக்கு ஒரு இடம்தான் இருக்கு.”

நான் சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்தேன். சர்க்கரைவள்ளிக் கிழங்குப் ‘பை’ பலகாரம் சுட்டுக் கொண்டுபோனேன், கூடவே போய் மஞ்சள் கோட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்த மஞ்சள் அவளுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும் என்று கடைக்குள் போகும்போது எனக்குத் தெரியாது. வயிறு எரிந்தது நோயெமி, பெரிய வார்த்தை ஒன்றும் தேவையில்லை, வயிறுதான் எரிந்தது. முதல் நிகழ்ச்சியை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், எங்கே உளறுகிறாள் என்று. உளறவில்லை. போதாக்குறைக்கு ஓரிடத்தில் சொன்னாள், “படத்துல ஹீரோவுக்கு ரோஷம் வரணும்னா முதல்ல நம்ம ஆளு ஒருத்தன் சாகணும்.” எல்லாரும் கைதட்டினார்கள். அது நான் சொன்னது. போன வருஷம் நிலவறைப் படிக்கட்டில் இருமிக்கொண்டே நான் சொன்னது. கறிக்கடையில், மருந்துக்கடையில், சர்ச் வாசலில் எங்கே போனாலும், “உங்க சிநேகிதியை டிவியில பார்த்தோம், என்னமா பேசறாங்க!” அந்த முதல் நிகழ்ச்சி வந்த அன்றைக்கு நீ கூப்பிடுவாய், உன்னிடமாவது சொல்லி அழலாம் என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐரைடாதான் கூப்பிட்டாள். “நோயெமி காலையிலேயே பேசிட்டா, அக்கா. அழுதுட்டா சந்தோஷத்துல.” அப்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஒரு தட்டு உடைந்தது. அப்பாவிடம் கை வழுக்கிவிட்டது என்றேன்.

ஏப்ரலில் நம் வார்டுக்கு இடைத்தேர்தல் வந்தது. நின்றது நம் கறுப்பு ஆள் ஒருவர், எதிரே போர்ட்டோ ரிக்கோக்காரப் பெண் ஒருத்தி. பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாயில் ஈயம் இருப்பதைப் பற்றி அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள், அதனால் என் ஓட்டு அவளுக்கு என்று ஐரைடா தொலைக்காட்சியில் சொன்னாள். நியாயமான பேச்சுதான். அது எனக்கு அப்போதே தெரியும், அதுதான் கொடுமை. அந்தச் சனிக்கிழமை அவள் படப்பிடிப்பால் வரத் தாமதமாயிற்று. மைக் முன்னால் நான் தனியாக இருந்தேன். நீயும் அங்கிருந்தே இணையத்தில் கேட்டாய், ஆனாலும் என் கையால் எழுதிவிடுகிறேன். “சிலர் கேமரா முன்னாடி கறுப்பா இருப்பாங்க, ஓட்டுப் போடறப்ப மட்டும் ஸ்பானிஷ் ஞாபகம் வந்துடும். முழுசா இந்தப் பக்கமும் இல்ல, முழுசா அந்தப் பக்கமும் இல்ல. பாதி ஆளை நம்பி நாம என்ன பண்றது?” போன் விடாமல் அடித்தது. ஒருவன் கூப்பிட்டு, “சரியான அடி அக்கா, அவங்க எல்லாருமே அப்படித்தான்” என்றான். அவனை நான் தடுக்கவில்லை, நன்றி என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் ஐரைடா படியில் நிற்கிறாள், கையில் எங்களுக்காக வாங்கிவந்த ரொட்டிப் பை. அதைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் அப்பா அடுப்பில் வைத்த துவரைச் சோறு அடிப்பிடித்துக் கிடக்கிறது, அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக என்னைச் செல்லமாக ‘நெக்ரா’ என்று கூப்பிட்ட மனிதர், கறுப்பி என்று சொல்கிறாரே என்று கல்யாணமான புதிதில் நான் கோபித்துக்கொண்டு பிறகு அந்த வார்த்தைக்காகவே காத்திருக்கப் பழகிய மனிதர், அன்றைக்கு, “ஒடெஸா, அந்தப் பாதிப் பேர்ல நான் இருக்கேனா?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் உன் செய்தி வந்தது. “அம்மா, பாதி ஆள்னா அது நான்தானே.” அவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

நீ பிறந்த அன்று பாரத்தில் இனம் எது என்று கேட்டிருந்த இடத்தில் நான் இரண்டு கட்டத்திலும் குறி போட்டேன். ஒன்றுதான் போட வேண்டும் என்று நர்ஸ் திருப்பிக் கொடுத்தாள். தையல் வலியோடு படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டேன், “என் பொண்ணைக் கூறு போட உன் பேனாவுக்கு உரிமை இல்ல” என்றேன். அப்படிப் பேசிய அதே வாயால்தான் இதையும் சொன்னேன். யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசவில்லை.

நான்கு நாள் கழித்து ஐரைடா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், சங்கிலியை எடுக்கவில்லை. அந்த இடுக்கு வழியாகவே பேசினாள். “கோவத்துல சொல்லியிருந்தா மறந்துடுவேன்க்கா. நீ ரசிச்சுச் சொன்னே, உன் குரல் எனக்குத் தெரியாதா?” பொறாமையில் சொல்லிவிட்டேன் என்றேன். “அதை வந்து எங்கிட்ட சொல்லியிருந்தா உக்காந்து சிரிச்சிருப்போம். நான் பொறாமைப்படலேன்னு நினைக்கிறியா? எங்க வீட்டுக் கல்யாணத்துல முடியை நேராக்கிட்டு வான்னு சொல்றாங்க. உங்க சர்ச்சுல ‘நீ நெஜமா நம்ம ஆளா’ன்னு கேக்கறாங்க. போலீஸ்காரன் ஒருத்தன்தான் கேக்காமலேயே நிறுத்தறான். உன்னை யாரும் நீ யாருன்னு கேட்டதே இல்ல, அதுக்குப் பதினாறு வருஷமா உன்மேல எனக்குப் பொறாமை. ஆனா மைக்ல சொல்லல.” கதவு மூடிவிட்டது. மூன்று மாடி இறங்கி வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மைக்கில் சொன்னேன். போன வாரம் நான் பேசியது அரசியல் இல்லை, பொறாமை, என் சிநேகிதிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்ற பொறாமை, என் கணவரையும் மகளையும் சேர்த்து அடித்துவிட்டேன் என்று. போன் வெகுநேரம் அடிக்கவே இல்லை. கடைசியில் அதே ஆள் கூப்பிட்டான். “போன வாரம்தாங்க்கா நல்லாப் பேசினீங்க” என்றான். அவன் முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்தேன், அதற்கு மேல் தனியாக உட்கார முடியாமல் பாட்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். தேர்தலில் நான் ஓட்டுப் போட்ட நம் ஆள்தான் ஜெயித்தார். குழாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஐரைடா வானொலிக்கு வருவதில்லை. ஞாயிறுதோறும் அவளைப் பார்க்கிறேன், நன்றாகப் பேசுகிறாள், எனக்கு இன்னும் எரிகிறது, முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக என்று பொய் எழுத மாட்டேன்.

ஆகஸ்டில் நீ வரும்போது சித்தி வீட்டில் தங்கப் போகிறாய் என்று அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். தங்கு. அவள் வீட்டில் ஜன்னல் பக்க அறை காற்றோட்டமாக இருக்கும். இதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, இந்த முறை அதன் பெயரைச் சொல்லியே உனக்கு எழுதுகிறேன். வந்த மறுநாள் ஒரு வேளை இங்கே சாப்பிட வா. பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போ.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, உனக்குச் சோகை வரும் உடம்பு. நீ எந்த ஊரில், எவர் நடுவில் நின்றாலும் உன்னை யாரும் கூறு போட்டுப் பார்க்காதிருக்கக் கடவுள் துணை இருக்கட்டும், முதலில் உன் அம்மாவே அப்படிப் பார்க்காதிருக்கட்டும்.

முழுசாக உன்னைப் பெற்ற,
ஒடெஸா