மூன்று புள்ளி, ஒரு கோடு

1984 ஜூலை 9, திங்கள்

மட்டாஞ்சேரியில் மழை, ஐந்தாவது நாள். துணி எதுவும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டிதான் வெயில்.

வாங்க வேண்டியது: சிரட்டைக்கரி, நீலம், குறி போடச் சேங்கொட்டை.

காலை எட்டுக்கு வழக்கம்போல் ரேடியோ. துபாய்க்காரர் ஒருவர் பாட்டு சரியாக வரவில்லை என்று தந்த செட். பாட்டு வராத ஓரத்தில்தான் போலீஸ் வயர்லெஸ் வருகிறது. இரண்டு வருடமாகக் கேட்கிறேன். பிடிபட்டால் உள்ளேதான். என் மனைவி செல்விக்கு மட்டும் தெரியும், பிடிக்காது. எனக்கோ சினிமாவைவிட ருசி.

இன்று: ஒரு ஜீப் பஞ்சர். பாலத்தில் மாடு படுத்துக்கொண்டது, எழ மாட்டேன் என்கிறதாம். பிறகு அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல்: ஆலுவா ஆற்றங்கரையில் ஆள் தெரியாத ஆண் பிணம். முப்பது, முப்பத்தைந்து வயது. வெள்ளை வேட்டி ஒன்று. நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று. நான் அழுக்குத்துணி எண்ணி வாங்குகிற மாதிரியே வாசித்தார். காலருக்குள் வண்ணான் குறி. ஒரு கோடு, மேலே மூன்று புள்ளி.

அது நான் போட்ட குறி. கொச்சங்காடிக் கிட்டங்கியில் எழுத்து வேலை பார்க்கும் நாராயணன் சேட்டனுக்கு.

செல்வி துவைக்கும் இடத்தில் இருந்தாள். சொல்லவில்லை.

ஜூலை 10, செவ்வாய்

தூக்கம் இல்லை. நாராயணன் சேட்டன் வீட்டுக்கு அவர் துணி மூட்டையோடு போனேன். கதவைத் தட்டினேன். அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். கதவைத் திறந்தது அவரேதான். கையில் சாயா கிளாஸ்.

"எந்தா முருகா, பேயைக் கண்டோ?"

மூட்டையை நீட்டினேன். துணியை எண்ணினார். "என்றே நீலக் கட்டம் ஷர்ட் எவிடே?"

"காயலை சேட்டா. மழையல்லே."

தெருமுனை வரை ஒரே சந்தோஷம். பழம்பொரிகூட வாங்கினேன். பாதி தின்றபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. அவர் உயிரோடு இருந்தால் சட்டைக்குள் இருப்பது யார்?

தெரியும். கொடுத்தவன் நான். நேற்றே தெரியும்; குறிக்கு உரியவரை நினைத்து அதை எனக்கே மறைத்துக்கொண்டேன். வாடிக்கைக்காரர் சட்டையை நம் ஆட்கள் விசேஷத்துக்கு ஒரு நாள் இரவல் கொடுப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது, யாரும் சொல்லாதது. போன வெள்ளிக்கிழமை செல்வியின் தம்பி பழனி ஆலுவாவில் பெண் பார்க்கப் போனான். "ஞாயித்துக்கெழமை தந்துடறேன் மச்சான்." செல்விதான் இஸ்திரி போட்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள்.

இன்று அவள்: "பொண்ணு புடிச்சிருச்சு போல. கப்பையும் மீனும் தின்னுட்டு அங்கனயே உக்காந்துட்டான், கள்ளன்."

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 11, புதன்

எட்டு மணி. யாரும் தேடி வரவில்லையாம். நாளை பகல் பன்னிரண்டுக்குப் புதைப்பார்களாம். அடுத்து ஏதோ லாரி நம்பர்.

மத்தியானம் இரண்டு போலீஸ்காரர்கள் நாங்கள் எல்லோரும் வேலை செய்யும் சலவைக் கொட்டகைக்கே வந்தார்கள். காகிதத்தில் மடித்து, வெட்டி எடுத்த காலர். ஒவ்வொரு மேஜையாக நீட்டினார்கள். எல்லோரும் தெரியாது என்றார்கள். "அறியில்லா சாரே." "அறியில்லா." என்னிடம் வந்தது. துணி உலர்ந்து விறைத்திருந்தது. சேங்கொட்டைக் கறை மட்டும் ஆற்றில் கரையாமல் அப்படியே.

"அறியில்லா சாரே."

பயம். இரவல் விஷயம் வெளியே போனால் கொட்டகைக்கே வேலை போகும். ஆனால் அது மட்டும் இல்லை. சொன்னால் உண்மையாகிவிடும். பழனி சட்டையை யாருக்காவது விற்றிருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான். அப்படியே இருக்கட்டும்.

நாளை போய் முகம் பார்த்துவிட்டு, பிறகு செல்வியிடம் சொல்லலாம்.

ஜூலை 12, வியாழன்

எட்டு மணிக்கும் அதே செய்தி. சேங்கொட்டை வாங்கப் போவதாகச் சொல்லி ஓடினேன். போட், பஸ், ஆலுவா ஆஸ்பத்திரிப் பிணவறை.

பழனி. சட்டைக் கையில் அந்த இரண்டு மடிப்பு அவிழவே இல்லை. கால் தவறியிருக்கலாம், ஆற்றில் வெள்ளம் என்றார்கள். உடலை நாளை தருவார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டேன். என் முன்னாலேயே ஒருவர் வயர்லெஸ் மைக்கை எடுத்தார். திங்கட்கிழமை காலை கிடைத்த உடல், பெயர், அப்பா பெயர், மட்டாஞ்சேரி, அடையாளம் சொன்னது அக்கா புருஷன். அந்தப் பக்கம் அதே குரல் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னது. அவ்வளவு பக்கத்தில் அதைக் கேட்டதில்லை.

பஸ் எர்ணாகுளம் வந்தபோதுதான் உறைத்தது. காலையில் செட்டை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

சந்திலேயே கருகல் வாடை. மேஜையில் யாருடைய வேட்டியோ, பெட்டி அளவுக்குக் கரிந்து ஓட்டை. செல்வி செட் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. உள்ளே அந்தக் குரல் வேறு எதையோ வாசித்துக்கொண்டிருந்தது.

"பேர ரெண்டு வாட்டி சொன்னாரு," என்றாள், திரும்பாமல். "அப்பா பேரையும் சொன்னாரு. நீங்க பாத்தீங்கன்னும் சொன்னாரு."

நான் நிறுத்தக் கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"திங்கக்கெழமையும் எட்டு மணிக்குக் கேட்டீங்கதானே?"